தசைச் சிதைவு நோயுள்ள மாணவர்களும் உடற்கல்விப் பாடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டுஷென் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்கும் மரபணு நோய். நோய் இன்னும் கண்டறியப்படாத சிறுவனைச் சோம்பேறி என்று சொல்லி ஓடவிடுகிறார்கள். கண்டறிந்த பிறகோ, மருத்துவச் சான்றிதழைக் காரணம் காட்டி உடற்கல்விப் பாடம் முழுக்க ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவன் தசைகளுக்குக் கேடு.

இந்நோயில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாவதில்லை. தசை இழையின் மெல்லிய உறை கிழியாமல் காப்பது அந்தப் புரதம்தான். அது இல்லாத தசை, சுமையைத் தாங்கியபடி நீளும்போது அதிகமாகச் சேதமடைகிறது. அதனால்தான் படி ஏறுவதைவிட இறங்குவது மோசம். மேல்மாடியில் பாடம் நடந்தால், இறங்கும்போது அவனுக்கு மின்தூக்கி கட்டாயம் வேண்டும். ஏறுவதற்கு மட்டும் மின்தூக்கியைத் தந்துவிட்டு, திரும்பும்போது படியில் விடுவது உதவியே அல்ல.

பள்ளிகளில் நடக்கும் நாஃபா உடல்தகுதித் தேர்வையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நின்ற இடத்திலிருந்து தாண்டினால், கால் ஊன்றும் நொடியில் தொடைத் தசை அடிவாங்கும். 10 மீட்டரை நான்கு முறை ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டென்று வேகத்தை அடக்க வேண்டும். படுத்து எழும் பயிற்சியில், முதுகைத் தரைக்குக் கொண்டுபோகும்போது வயிற்றுத் தசை இழுபடும். கால் நீட்டி முன்னால் குனிவது ஒன்றுதான் ஓரளவு பரவாயில்லை, அதிலும் யாரும் முதுகில் கைவைத்து அழுத்தக் கூடாது. ஆகவே தேர்விலிருந்து விலக்குக் கொடுங்கள், பாடத்திலிருந்து வேண்டாம்.

அவனுக்கு மிகவும் ஏற்றது நீச்சல் குளம். மார்பளவு நீரில் உடலின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். தவறு நேர்வது கரையேறும்போதுதான். களைத்த கால்கள் ஏணிப்படியில் மடங்கிவிடும், சாய்தளம் வழியாகவே வெளியே வர வேண்டும், கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மோட்டார் உதவியோடு மிதிக்கும் சைக்கிளும் நல்லது. நெதர்லாந்தில் 30 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2013ல் வெளியான ஆய்வில் காலுக்கு 15 நிமிடம், கைக்கு 15 நிமிடம், வாரத்தில் 5 நாள் என 24 வாரங்கள் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி செய்தவர்களின் இயக்கத் திறன் அப்படியே நின்றது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது.

எவ்வளவு செய்யலாம்? பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு. நாடித்துடிப்பை நம்பாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஓய்விலேயே இதயம் வேகமாகத் துடிக்கும், சிலர் அதைக் குறைக்கும் மருந்தும் சாப்பிடுவார்கள். மறுநாள் வலியோ கூடுதல் சோர்வோ இருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம். சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஏழு வயதுவரை வளர்ச்சியின் வேகம் நோயின் வேகத்தை மறைக்கும். மருத்துவமனையில் 6 நிமிடம் நடக்கவைத்து அளக்கும் தூரம் அப்போது கூடவும் செய்யலாம். நோய் விலகுகிறது என்று எண்ணி ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றி நிமிர்கிற, கெண்டைக்கால் தடித்த, நுனிக்காலில் நடக்கிற பையனைத் திட்டாமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனையே சந்தேகத்தை எழுப்பப் போதும்.

நோய் உறுதியான பிள்ளையின் பெற்றோர், விலக்குச் சான்றிதழோடு நிறுத்தாமல், அவன் செய்யக்கூடியவை, கூடாதவை, எத்தனை நிமிடம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து உடற்கல்வி ஆசிரியர் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் நரம்புத்தசை நோய்ப் பராமரிப்பில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்கள்,
சிங்கப்பூர்