திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மாவுக்கு

அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசற்படியில் கால் வைத்ததும், துளசிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நடு ராத்திரியில் ரத்தம் கொடுக்க வந்து நின்ற அலுவலக நண்பர்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிய மாடி வீட்டு அக்கா, தூக்குவாளியில் மிளகு ரசம் கொண்டுவந்த சித்தி, நைட் டியூட்டி சிஸ்டர்கள், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஒருவர் வீடு மட்டும் எனக்குத் தெரியாது. பேரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் இந்த மடல்.

பெரியம்மா, அம்மாவின் கட்டிலுக்கும் உங்கள் வீட்டுக்காரர் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். ராத்திரி எட்டரை மணிக்குப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குக் கதை படிப்பீர்கள். லக்ஷ்மியின் 'பெண் மனம்'. முதல் நாள் எனக்கு அது வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. மூன்றாம் நாள் அம்மாவின் தலை திரைப் பக்கம் திரும்பியது. "இது சிவாஜி படக் கதைல்ல?" என்றார். அதுவரை மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

படிப்பு நின்றது. "ஆமாம்மா, இருவர் உள்ளம்" என்றீர்கள் அங்கிருந்தே. அடுத்த வரியிலிருந்து குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாளும் அந்தக் குரல் இறங்கவில்லை.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். அம்மாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோன ராத்திரி ஓர் அத்தியாயம் போய்விட்டது. மறுநாள் நீங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம், "நேத்து தூங்கிட்டீங்க, அதே இடத்துலேருந்து படிக்கிறேன்" என்றீர்கள். அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். "சரி, படி" என்றார் அவரும்.

அந்த ராத்திரிகளில் யோசித்துப் பார்த்தேன். சில எழுத்தாளர்களைப் படித்தால் மட்டும் ஏன் மனசு இப்படி அடங்குகிறது? லக்ஷ்மியின் கதைகளில் கஷ்டம் இல்லாமல் இல்லை. இந்தக் கதையே மனசுக்குப் பிடிக்காமல் நடந்த ஒரு கல்யாணம்தான். ஆனால் எவ்வளவு கசப்பு வந்தாலும் இவர் யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போக மாட்டார் என்ற தைரியம் சீக்கிரமே வந்துவிடுகிறது. பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பழகிய கை வேறு. நடுவில் கண் அசந்தாலும் அம்மாவால் மறுபடி கதையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இன்னொன்று, அம்மா 1963-இல் வந்த அந்தப் படத்தைச் சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் பார்த்தவர். முடிவு அவருக்குத் தெரியும். நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று கிடந்தவருக்கு, அடுத்து என்ன என்று தெரிந்த ஒரே விஷயம் அந்தக் கதைதான்.

லக்ஷ்மியே ஒரு டாக்டர். திரிபுரசுந்தரி என்பது சொந்தப் பெயர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது செலவுக்குக் கதை எழுதிச் சம்பாதித்தவர். படுத்திருப்பவரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குடும்பக் கதைகள்தானே என்று கல்லூரி நாட்களில் நான் ஒதுக்கியவர் இவர். இனி அப்படிப் பேச மாட்டேன். யாருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் உட்கார நேர்ந்தாலும் என் பையில் ஒரு நாவல் இருக்கும். அடுத்த கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி படிப்பேன்.

நீங்கள் கிளம்பிய அன்று நான் பில் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தால் அந்தக் கட்டிலில் விரிப்பில்லை. அம்மாவின் தலைமாட்டில் புத்தகம் இருந்தது. நிறுத்திய பக்கத்தில் மருந்துக் கடைச் சீட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தீர்கள். "மீதியை உங்க பொண்ணைப் படிக்கச் சொல்லுங்க" என்றீர்களாம்.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது, பெரியம்மா. முதுகு விட்டுப்போன இடத்தில் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெரியவருக்கு எங்கள் வணக்கம்.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அந்தச் சீட்டை எடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பத்துப் பக்கம் போவதற்குள் அம்மா இரண்டு தடவை நிறுத்தினார். "அந்தம்மா மாதிரி மெதுவா படிடி" என்றார்.