மெட்ராஸைத் தூக்கிவிடலாமாம்!

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு எழுதுகிறேன் என்றேன், பொங்கலும் போய்விட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முட்டிவலி அப்படியே இருக்கிறது. ராமசாமி அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை.

விஷயம் உங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றியது. போன வாரம் மெட்டா அனாலிசிஸ் வகுப்பில், அதாவது பல ஆய்வுகளின் முடிவைச் சேர்த்துக் கணக்கிடும் பாடத்தில், வழக்கம்போல பி.சி.ஜி. தடுப்பூசியின் 13 ஆய்வுகளைப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் சேர்த்தால் காசநோய் ஆபத்து பாதியாகிறது: ஊசி போடாதவர்களுக்கு 1 என்றால் போட்டவர்களுக்கு 0.49. ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று காட்டும் ஐ-ஸ்கொயர் 92 சதவீதம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அந்த மெட்ராஸ் ஸ்டடியைத் தூக்கிட்டா சரியாயிடும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வுதான் அது. கையில் தழும்பே இல்லாமல், "எனக்குத் தண்ணி ஊசி போட்டு ஏமாத்திட்டாங்க" என்பாரே உன் அம்மா! ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கு நோய். தண்ணி ஊசிக்காரர்கள் 88,391 பேரில் 499. பலன் துளியும் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஊசியின் பலன் குறைவதை அந்த 13 ஆய்வுகளே காட்டுகின்றன. நாம் இருப்பது 13 பாகையில். அதைத் தூக்கிவிட்டால் அப்புறம் பாடத்தில் என்னடா மிச்சம்?

அவனை அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை. "ஆய்வுகள் 92 சதவீதம் வேறுபடுகின்றன" என்று இத்தனை வருஷம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அபத்தம். ஆய்வு முடிவுகளின் மொத்தச் சிதறலை அளக்கும் காக்ரனின் கியூ இங்கே 152. தற்செயலாக மட்டுமே சிதறியிருந்தால் சுமார் 12 வந்திருக்கும், ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. மிச்சம் 140-ஐ 152-ஆல் வகுத்தால் 92 சதவீதம், அதுதான் ஐ-ஸ்கொயர். சிதறலில் எந்தப் பங்கு தற்செயல் இல்லை என்பதுதான் அது. வேறுபாடு எவ்வளவு என்பது அதில் இல்லவே இல்லை. ஆய்வுகள் பெரிதாயிருந்தால் அற்ப வேறுபாட்டுக்கும் 90 காட்டும். புள்ளியியலாளர் ஹிகின்ஸ் 2003-இல் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பதற்கு 25, 50, 75 என்று குறித்ததைக் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டோம்.

ஆய்வுக்கு ஆய்வு உண்மையான பலன் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் டவ்-ஸ்கொயரை வைத்து, புதிதாக ஓர் ஊரில் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். 0.15 முதல் 1.55 வரை வருகிறது. ஓர் ஊரில் நோய் ஆறில் ஒரு பங்காகலாம், இன்னோர் ஊரில் கூடவும் செய்யலாம். இதைச் சொல்லாமல் 0.49-ஐ மட்டும் எழுதினால் ஊசி வாங்குகிறவன் எதை நம்புவான்?

நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும் "இத்தனை சதவீதம் வேறுபடுகின்றன" என்ற அதே மாதிரி வாக்கியம் இருக்கிறது, மூன்றாம் பக்கம், பார். தரவு உன் பழைய கம்ப்யூட்டரில் கிடந்தால் அனுப்பு. திரும்பக் கணக்குப் போட்டுத் திருத்தம் அனுப்பிவிடலாம். பயப்படாதே, முதல் பெயர் என்னுடையதுதான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி