பூட்டுக்கும் ஒரு முடிவு தேதி

திருச்சி

அன்புள்ள மாரியப்பன்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழையபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டாள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அச்சகத்தில் டாங்கிள் செத்துப்போனதைப் பற்றி நீ எழுதிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரிண்டர் போர்ட்டில் செருகி வைக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது இருந்தால்தான் தமிழ் எழுத்துரு மென்பொருள் வேலை செய்யும், நகலெடுக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அது போனதும், தொண்ணூறுகளிலிருந்து நீ அடித்து வைத்த தலபுராணம், பள்ளி ஆண்டுமலர், ஊர்க் கவிஞர்களின் தொகுப்பு எல்லாம் திரையில் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாக நிற்கின்றன. விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டது, கேட்க ஆளில்லை. நீ காசு கொடுத்து வாங்கியவன். அந்தப் பில்லை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறாய். பூட்டை உடைத்த காப்பியைப் போட்டுத் தொழில் நடத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அடித்தது எதுவும் அழியவில்லை. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துக்கான எண்தான், அதன் மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கும். எழுத்துரு போனதும் உருவம் போய்விட்டது, எண்கள் அப்படியே இருக்கின்றன. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பதைத்தான் குறியாக்கம் என்பார்கள். டாப், டாம், டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களை, இன்று எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு, என்எச்எம் கன்வெர்ட்டர் அவற்றில் ஒன்று. உன்னுடையது அந்தக் கம்பெனியின் சொந்தக் குறியாக்கமாக இருந்தாலும் பயமில்லை. அச்சான புத்தகத்தையும் அதன் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டுவிடலாம். ஒரு பைட்டில் இருப்பதே 256 இடம்தானே. கவனிக்க வேண்டியது கெ, கே-யில் வரும் கொம்பு. பழைய எழுத்துருவில் அது மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். கொ, கோ, கௌ வருகிற இடங்களில் இன்னும் கொஞ்சம் வேலை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நீ பக்கம் கட்டிய பேஜ்மேக்கர் கோப்புகளை, அதற்கு அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறக்க முடியும், அதற்குப் பின் வந்தவற்றில் அந்த வசதி இல்லை. ஆகவே அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு விடும்போதே எல்லாவற்றையும் திறந்து, உரையை மட்டும் தனியாக எடுத்துவிடு. பையன் சொன்னான் என்று ஃபார்மேட் அடித்துவிடாதே.

பூட்டைச் சுற்றிப் போவது சட்டப்படி தப்பாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். நீ அடித்த உரையை நீயே எடுக்கப் பார்க்கிறாய், இதில் யாருடைய உரிமையை மீறுகிறாய்? முறையாக வாங்கிய நிரல் கெட்டுப்போனால் உதவட்டும் என்று நகல் எடுத்து வைக்கவும் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த விஷயத்தில் நம் சட்டம் நியாயமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இதைவிடக் கடுமை. அங்கே மூன்று வருடத்துக்கு ஒரு தடவை விதிவிலக்குக் கேட்டு நிற்க வேண்டும். சர்வர் மூடப்பட்ட விளையாட்டுகளைத் தனியாளாக ஆடும் அளவுக்காவது திறந்துகொள்ளலாம் என்ற விதிவிலக்கே 2015-இல்தான் கிடைத்தது.

அப்புறம் குமரன் கேட்ட கேள்வி. உன் பீரோவில் இருக்கும் பழைய சிடி விளையாட்டுகள் பல அவன் லேப்டாப்பில் ஏன் ஓடுவதில்லை என்றானாமே. சிடி காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்ற பூட்டுகள் பரவலாக இருந்தன. சேஃப்டிஸ்க் வேலை செய்யும் விதத்தை அவனுக்கு விளக்கு, ரசிப்பான். சிடியைத் தயாரிக்கும்போதே சில செக்டர்களை, அதாவது தகவல் பதியும் சிறு துண்டுகளை, வேண்டுமென்றே பிழையாகப் பதித்துவிடுவார்கள். வீட்டு சிடி ரைட்டரால் அந்தப் பிழைகளை அப்படியே நகலெடுக்க முடியாது. விளையாட்டு தொடங்கும்போது பிழை இருக்கிறதா என்று தேடும், பிழை இருந்தால்தான் அசல்! இதற்காக விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் டிரைவர் என்ற வகை நிரல் ஒன்றைப் போட்டார்கள். 2007-இல் அந்த டிரைவரிலேயே ஓட்டை தெரிந்தது. சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர் அதன் வழியாகக் கணினி முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவருக்கு இடமே இல்லை, அதே வருடம் செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரிதான், ஓட்டையை எவ்வளவு நாள் வைத்திருப்பது? ஆனால் பூட்டை நம்பிய அசல் சிடிகள் அன்றோடு ஊமையாகின. உடைத்த நகல் இதில் எதையும் கவனிக்காது, அது பாட்டுக்கு ஓடும்.

நாம் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் படித்த நாளில் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டு ஞாபகம் இருக்கும். முதல் கட்டம் முடிந்ததும் குப்பிகள் நிறைந்த ஓர் அறை வருமே, அதுவும் பூட்டுதான். கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கச் சொல்லும். மாற்றிக் குடித்தால் உயிர் குறையும். நம் ஊரில் யார் கண்டது கையேட்டை? காசை நீட்டினாலும் விற்க ஆளில்லாத ஊர் நம்முடையது. பூட்டு கழற்றிய பிளாப்பி எப்படியோ கைமாறி வந்ததால்தான் அரண்மனைக்குள் போனோம். 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் செய்து கட்டம் தாண்டியதெல்லாம் தனிக் கதை.

அந்த விளையாட்டில் இளவரசனுக்கு எதிரியாக வரும் நிழல் மனிதன் எப்படி வந்தான் என்று பிற்பாடு படித்தேன், உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினியில் அதை எழுதினார். 1989-இல் வெளிவந்தது. தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்து வரைந்தார். அதனால்தான் இளவரசன் அவ்வளவு உயிரோடு ஓடினான். அந்த அசைவுகளே நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரி என்று இன்னொருவனை வரைய இடமில்லை. இளவரசனின் அதே படங்களை ஒரு பிட் நகர்த்தி, அதனோடே எக்ஸ்-ஆர் செய்து, அதாவது இரண்டிலும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மினுமினுக்கும் ஒரு நிழலுருவம் கிடைத்தது. இடமில்லாத நெருக்கடியிலிருந்து கதையின் மிக நல்ல பகுதி பிறந்துவிட்டது. 12-ஆம் கட்டத்தில் அந்த நிழலோடு சண்டை போட்டு நாம் செத்துக்கொண்டே இருந்தோமே, வாளை உறையில் போட்டால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவும் இன்று வரிவரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. மூல நிரல் தொலைந்துவிட்டது என்றுதான் மெக்னர் நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியைக் குடைந்தபோது பிளாப்பிப் பெட்டி கிடைத்தது. பழைய கணினி தெரிந்த ஆட்கள் வந்து பைட் பைட்டாக எடுத்துக் கொடுத்தார்கள். அதை அவர் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைத்துவிட்டார். ஆக்கியவரே அப்படிச் செய்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

காந்தி அணுகுண்டு போடும் கதையை நீயும் எழுதியிருந்தாய். முதல் சிவிலைசேஷன் விளையாட்டில் காந்தியின் மூர்க்கம் 1 என்று இருந்ததாகவும், ஜனநாயகம் வந்ததும் 2 கழிந்து, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் சுற்றிவந்து உச்ச எண்ணான 255 ஆகிவிட்டதாகவும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்கவில்லை. அப்படி ஒரு கோளாறே இல்லை என்று அதை ஆக்கிய சிட் மெயர் 2020-இல் தன் வாழ்க்கைக் கதையில் எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாவது பதிப்பில்தான் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே கூட்டி வைத்தார்கள். எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை. நிஜமான கதை வேண்டும் என்றால் 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இருக்கிறது. நிறைய எதிரிகளை வரையத் திணறிய சிப், சுடச்சுட அவர்கள் குறைந்ததும் வேகம் பிடித்தது. அதை ஆக்கிய நிஷிகாடோ அந்த வேகத்தை அப்படியே விட்டுவிட்டார், அதுவே ஆட்டத்தின் உயிரானது.

திருட்டுக்கு நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆக்கியவருக்குக் காசு போக வேண்டும். 2009-இல் வந்த பேட்மேன் அர்காம் அசைலம் விளையாட்டில், நகல் வைத்திருந்தவருக்கு மட்டும் மேலங்கியை விரித்துச் சறுக்க வராது. ஒருவர் அதைக் கோளாறு என்று போய்ப் புகார் சொல்லி மாட்டிக்கொண்டார். அது நியாயம், சிரிக்கவும் செய்யலாம். 1995-இல் அமெரிக்காவில் வந்த எர்த்பவுண்ட் என்ற விளையாட்டு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நகல் என்று சந்தேகித்தால் எதிரிகளை அள்ளி இறைக்கும். அதையும் பொறுத்துக் கடைசிச் சண்டை வரை வந்தால் உறைந்து நின்று, சேமித்த ஆட்டம் அத்தனையையும் அழித்துவிடும். அந்தக் காட்ரிஜை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகள், அது நகல் என்றே தெரியாதவர்கள்!

உனக்குச் சொல்ல நினைத்ததிலேயே முக்கியமானது இது. 2010-இல், ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசுக்கு விற்கப்பட்ட மேக்ஸ் பெய்ன் 2 விளையாட்டின் நிரலுக்குள் ரேசர் 1911 என்ற உடைப்புக் குழுவின் முத்திரை கண்டுபிடிக்கப்பட்டது. பூட்டில்லாத பதிப்பு தேவைப்பட்டபோது, உடைத்தவர்களின் கோப்பே கடைக்கு வந்திருக்கிறது. போட்டவர்களுக்கே அந்தப் பூட்டு பாரமாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது பூட்டு சிடியிலும் இல்லை, டாங்கிளிலும் இல்லை, எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வர்களை 31 மார்ச் 2024 அன்று நிறுத்தினார்கள். தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட அதற்கு சர்வர் வேண்டும். வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை வைத்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு மனு கொண்டுபோனது. 2025 ஜூலையில் அதில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. அவர்கள் ஓசியாக எதையும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். எந்தப் பூட்டுக்கும் முடிவு தேதி இருக்க வேண்டும், விற்பதை நிறுத்தினால் சாவி வாங்கியவனிடம் வர வேண்டும். பூட்டே போடாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். போலந்தின் ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடை 2008-இலிருந்து அப்படித்தான் விற்கிறது. விட்சர் 3 விளையாட்டு வெளிவந்த அன்றே அங்கே பூட்டில்லாமல் கிடைத்தது, அதனால் அது விற்காமல் போய்விடவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பார்சலில் அனுப்பாதே, பழசு, வழியில் அடிபடும். தீபாவளி ஆர்டர்கள் ஓய்ந்ததும் நானே வருகிறேன். பழைய டிஸ்கை இணைக்கிற ஐடிஇ கேபிளும் அடாப்டரும் என்னிடம் இருக்கின்றன. அதற்குள் அந்த டிஸ்க்கில் உள்ள புத்தகங்களில் எவையெல்லாம் அச்சாகக் கையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு வை. தலபுராணத்தின் ஒரு பிரதியைக் கோயிலிலாவது கேட்டு வாங்கிவிடு, அட்டவணைக்கு அதுதான் முதலில் வேண்டும். குமரனையும் உட்கார வைத்துக்கொள்வோம், குறி மாற்றுகிற நிரலை அவனே எழுதட்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ரவி