முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. செகாம்புட்டில் எல்லாரும் நலம், உன் நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு.

போன வாரம் நீ கோல்ஃப் ஆடியதைப் பார்த்தோம். அந்தக் காற்றில் கடைசி மூன்று குழியையும் பாரில், அதாவது குறித்த அடிக்கணக்கில், முடிப்பது லேசான காரியம் இல்லை. அம்மா விளக்கேற்றிவிட்டுத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் இந்த வாரப் படத்தில் உன் பையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு நிற்கிறாரே? உன் கேடி, வழக்கமாகப் பை தூக்கிக் கூடவே வரும் அந்தத் தம்பி, எங்கே? நம் வீட்டில் உட்கார்ந்து அம்மா கையால் சாப்பிட்டுப் போன பிள்ளை.

உனக்கும் அவனுக்கும் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அதைப் பற்றிக் குடும்பக் குழுவில் யார் எந்தக் காணொலியைப் போட்டாலும் நீ திறக்காதே, பதிலும் போடாதே.

இப்படி மாட்டிக்கொண்ட சில ஆட்டக்காரர்கள் கதையைச் சொல்கிறேன். அமெரிக்கர் ஜஸ்டின் தாமஸ் நம் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் 2015, 2016 இரண்டு வருஷமும் சிஐஎம்பி கிளாசிக் போட்டியை ஜெயித்தவர். 2021 ஜனவரியில் ஹவாயில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும் ஒரு சின்ன அடியைத் தவறவிட்ட கோபத்தில் ஒரு சொல்லை முணுமுணுத்தார். தன்னைத்தானே திட்டிக்கொண்டதுதான். ஆனால் அது ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் சொல், மைக் அதைப் பிடித்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அவருக்கு விளம்பர ஒப்பந்தம் கொடுத்திருந்த ரால்ஃப் லாரன் நிறுவனம் கைகழுவிவிட்டது. தாமஸ் அன்றைக்கே, சுற்று முடிந்த கையோடு, காமிரா முன்னால் நின்று இதற்குச் சாக்கே கிடையாது என்றார். களைப்பு, நெருக்கடி என்று எதையும் இழுக்கவில்லை. இரண்டே மாதத்தில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஜெயித்தார்.

மைக் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். முதல் அடி அடிக்கும் டீ மேடை ஓரத்திலும், குழி இருக்கும் கிரீன் ஓரத்திலும் இருக்கும். ரோமம் போர்த்திய நீளக் கம்போடு ஒருவர் கூடவே நடந்து வருவார். நீயும் கேடியும் எந்த ஐயர்ன் குச்சி, காற்று எந்தப் பக்கம் என்று பேசுவதைக் கேட்கத்தான் அதை நீட்டுகிறார்கள். பந்து தப்பாகப் போனதும் மைக்கை இறக்கிவிட மாட்டார்கள். அப்போதுதான் காமிராவும் முகத்துக்குப் பக்கத்தில் வரும். தொப்பியால் வாயை மறைத்துப் பயனில்லை. மூச்சை இழுத்துவிட்டு, குச்சியைப் பையில் வைத்த பிறகு பேசு. கோபமாக இருக்கும்போது குச்சியைக் கேடியிடம் நீட்டாதே. அது வீசுவது போலத்தான் படத்தில் தெரியும்.

டைகர் வூட்ஸின் கார் விபத்து 2009 நவம்பர் 27. மனைவிக்குச் செய்த துரோகத்துக்குக் காமிரா முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டது 2010 பிப்ரவரி 19. நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு வாரம், இணையத்தில் விட்ட அறிக்கைகள் தவிர அவர் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தைப் பத்திரிகைக்காரர்கள் நிரப்பினார்கள். விளம்பரம் கொடுத்த ஆக்ஸெஞ்சர், ஏடி அண்ட் டி நிறுவனங்கள் எல்லாம் விலகிக்கொண்டன. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். அவர்கள் அலசியது அநியாயம். ஆனாலும் நாள் போகப்போகப் பேச்சு பெருத்ததே தவிரக் குறையவில்லை.

உனக்கு நான் சொல்ல நினைத்தது அமெரிக்க ஆட்டக்காரர் மேட் கூச்சர் கதை. 2018 நவம்பரில் மெக்சிகோவில் ஜெயித்து 12,96,000 டாலர் வாங்கினார். பை தூக்கியவர் அந்த ஊர்க்காரர், அந்த ஒரு வாரத்துக்கு வந்தவர். அவருக்குக் கொடுத்தது 5,000. வழக்கம் என்னவென்று உனக்கே தெரியும்: வாரச் சம்பளம் போக, பரிசுப் பணத்தில் பங்கு. நடுவில் பாதிப் பேரை வடிகட்டும் கட் தாண்டினால் 5 விழுக்காடு, முதல் பத்துக்குள் வந்தால் 7, ஜெயித்தால் 10. பேசிய தொகைக்கு மேலேயே கொடுத்தேன் என்று கூச்சர் வாதாடினார். கணக்குப்படி அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அது நல்ல வாரம்தான் என்று பேசினார் பார், அதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. கடைசியில் 2019 பிப்ரவரியில் அந்தக் கேடியை அழைத்துப் பேசி, அவர் கேட்ட 50,000 டாலரையும் கொடுத்தார். முதல் வாரமே அந்த அழைப்பைச் செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அதனால் முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. அறிக்கை, மேனேஜர், இன்ஸ்டாகிராம் எல்லாம் அப்புறம். பாக்கி இருந்தால் அன்றைக்கே வங்கியில் போடு, எந்த வாரத்துக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்பு. அதன் பிறகு வெளியே சொல்ல வேண்டியிருந்தால் மூன்று வரி போதும்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், அவரிடம் பேசிவிட்டேன். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதாதே. மேனேஜர் அதைத்தான் எழுதித் தருவார், வாங்காதே.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லச் சொல்லவில்லை. 2017-இல் அமெரிக்க ஆட்டக்காரி லெக்ஸி தாம்சனுக்கு, வீட்டில் டிவி பார்த்த யாரோ அனுப்பிய மின்னஞ்சலால், மறுநாள் ஆட்டத்தின் நடுவில் தண்டனையாக அவர் கணக்கில் நாலு அடியைக் கூட்டினார்கள். முந்தின நாள் கிரீனில் பந்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததற்கு இரண்டு, அதனால் ஸ்கோர்கார்டு தப்பானதற்கு இரண்டு. 2018-இலிருந்து பார்வையாளர் புகாரையே எடுப்பதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் ஷெஃப்லரை 2024 மே மாதம் லூயிவில்லில், திடல் வாசலில் நடந்த போக்குவரத்துக் குழப்பத்தில், போலீசார் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே திரும்பி வந்து 66 அடியில் சுற்றை முடித்தார், இரண்டு வாரத்துக்குள் வழக்கும் தள்ளுபடி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஊருக்கு நீ கடன்பட்டவன் இல்லை. பை தூக்கியவனுக்குக் கடன்பட்டவன். திடலில் பள்ளம் விழுந்திருந்தால் திடல்காரருக்குக் கடன்பட்டவன். ஸ்பெயின் ஆட்டக்காரர் கார்சியாவை 2019-இல் சவூதியில் ஆட்டத்தைவிட்டே விலக்கியது கிரீன்களைச் சேதப்படுத்தியதற்குத்தான்.

உன் கை நல்ல கை. சின்ன வயதிலிருந்து ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பில் எத்தனை பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அழைத்தால் எடுக்காமல் இருப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பசியாறாமல் டீ மேடைக்குப் போகாதே.

அவனைக் கூப்பிடு. நம்பர் மாறிவிட்டது என்று சொல்லிவிடாதே. புது நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. தீபாவளிக்கு அவன்தான் அவளை அழைத்து வாழ்த்துச் சொன்னான். கேள், அனுப்புவாள்.

அன்புடன்,
அப்பா