தம்பிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அக்கா பெண் முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போனில் நீ "சரிம்மா", "சாப்பிட்டேன்மா" என்பதைத் தாண்டுவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் போன ரஞ்சி மேட்சை இந்த முறை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். புதுப் பந்தில் நாலு ஓவர் போட்டாய். அந்த இடது கை ஆட்டக்காரனை ஸ்லிப்பில் பிடிக்க வைத்தாயே, அப்பா எழுந்து நின்று கைதட்டினார். உன் எதிரில் ஒரு நாளும் செய்ய மாட்டார். அப்புறம் உன்னை மிட் ஆனில் நிறுத்தினார்கள். பந்து மெதுவாக உருண்டு உன் பக்கம் வந்தது. நீ குனியவில்லை. காலால் தடுத்துவிட்டு, ஓடி வந்த பையன் எடுக்கட்டும் என்று நின்றாய். வர்ணனையாளர் கவனிக்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் பந்து வீசியவர்கள் வரிசையில் உன் பெயரே இல்லை. கேப்டன் ஸ்பின்னரை நம்பியிருப்பார் என்கிறார் அப்பா. இருக்கலாம்.

நேரத்துக்குத் தூங்கு. ஓட்டல் மெத்தை பள்ளமாக இருந்தால் வேறு ரூம் கேள், கூச்சப்படாதே.

பும்ராவைப் பற்றி அன்றைக்குப் படித்தேன். 2022 டி20 உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில் அயர்லாந்தில்தான் திரும்பினார், அதுவும் கேப்டனாக. அடுத்த வருஷம் டி20 உலகக் கோப்பையில் தொடர் நாயகன். முன்காலை ஊன்றிப் போடும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் இறங்குமாமே. முதலில் எலும்புக்குள் வீக்கம்தான் வருமாம். அப்போதே ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும், பொறுத்துக்கொண்டு போட்டால் விரிசல் விடும். சும்மா சொல்கிறேன். உனக்குத் தெரியாததா?

ஒரு சீசன் போனால் பெயரையே மறந்துவிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருக்கலாம். பத்து வயதில் உன் ஸ்பைக்ஸ் மண்ணைத் தட்டிக் கொடுத்தது அக்கா இல்லையே. சௌராஷ்டிராவின் வேகப்பந்து வீச்சாளர் உனட்கட்டைப் பார். 2010 டிசம்பரில் செஞ்சூரியனில் முதல் டெஸ்ட், விக்கெட் இல்லை. அடுத்த டெஸ்ட் 2022 டிசம்பரில், மிர்பூரில். பன்னிரண்டு வருஷம்! நடுவில் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. 2019-20 ரஞ்சியில் 67 விக்கெட் எடுத்து, சௌராஷ்டிராவுக்கு முதல் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். தேர்வாளர்கள் மறந்தால் மறக்கட்டும், உடம்பு இருந்தால் நினைவுபடுத்தலாம்.

பொய்ச் சமாதானமும் சொல்ல மாட்டேன். நம் நடராஜன் நெட் பௌலராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். சில மாதத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை. அப்புறம் இந்தியச் சட்டைக்கு எவ்வளவு காத்திருப்பு! எல்லோருக்கும் பும்ராவுக்குக் கிடைத்தது கிடைக்காது. தெரிந்துதான் சொல்கிறேன்.

பதினொருவரில் ஆடினால் நாளுக்கு 40,000, வெளியில் உட்கார்ந்தால் அதில் பாதி என்று சித்தப்பா சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். மாடிக் கடனை நினைத்துத்தான் நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாயா? நீ கேட்டா மாடி கட்டினோம்? கடன் வாங்கியவர் அப்பா, கட்ட வேண்டியவரும் அவர்தான். பிள்ளை சம்பாதித்து அனுப்புகிறான் என்று தெருவில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஓடுவாய் என்றால் அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். அப்படி எதுவும் போட்டுக்கொள்ளவில்லையே?

அப்பா 1988-ஐ விட மாட்டார். அதற்கப்புறம் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி கிடைக்கவில்லை என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார். நீ பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஏக்கம் அது. உன் ஒருவன் தலையில் அதைக் கட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன், அவரிடமே சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குத் தூங்கு. குனிந்து பையைத் தூக்காதே, பக்கத்திலிருக்கும் பையனைத் தூக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அப்பா வீட்டில் இருக்க மாட்டார். பிசியோ என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு மட்டும் அனுப்பு. அக்காவுக்கு முதலில் அனுப்பாதே.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம்.

அம்மா