சாணைக்கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்

ஆர்க்டிக் கரையில் அகழாய்வு செய்பவர்களுக்கும், கிடைத்ததைப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவரின் கிடங்கில், அலாஸ்காவின் வடகரையிலிருந்து வந்த பெட்டி ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நன்றி. வால்ரஸ் தந்தத்தில் செய்த ஈட்டிமுனை ஒவ்வொன்றுக்கும் பஞ்சுப் படுக்கை, எண், குழி, ஆழம். பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் 11 சாணைக்கற்கள். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "கற்கள், பலவகை."

ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் மணற்கல். ஒரு முகம் பழைய அம்மியைப் போல நடுவில் குழிந்திருந்தது. ஓரத்தில் எலும்பு ஊசி தீட்டியது போல ஒரு மெல்லிய பள்ளம். சீல் எனும் கடல்நாயை அறுக்கும் சிலேட் கல் கத்திக்குத் தேய்த்துத்தான் கூர் ஏற்ற வேண்டும். மழுங்க மழுங்க மறுபடி தேய்க்க வேண்டும். உலு என்ற பிறைவடிவக் கத்தி பிடித்த பெண்களின் அன்றாட வேலை அந்தக் குழியில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். பள்ளம்வரை பிரஷ் போட்டுப் பளிச்சென்று கழுவியிருந்தார்கள். ஒட்டியிருந்த தூளும் கொழுப்பும் வாளித் தண்ணீரோடு போயிருக்கும்.

கேட்பது இரண்டுதான்: ஒவ்வொரு சாணைக்கல்லுக்கும் தனி எண்ணும் கிடைத்த இடமும் எழுதுங்கள். ஆய்வு முடியும்வரை கழுவாதீர்கள்.

அவசரம் புரிகிறது. கடல் தாமதமாக உறைகிறது, இலையுதிர்காலப் புயல் நேராகக் கரையில் அடிக்கிறது, உறைமண் இளகிச் சரிகிறது. அலாஸ்கா வடகரையின் வலாக்பா அகழாய்வு இடத்தில் கண்ணெதிரே நடப்பதுதான். அழுகும் எலும்பையும் மரத்தையும் முதலில் எடுக்கிறீர்கள், சரி. கல் அழுகாதுதான். ஆனால் மேட்டிலிருந்து கரைக்கு உருண்டுவிட்டால் அப்புறம் அது வெறும் கூழாங்கல்.

அலாஸ்காவின் பாயிண்ட் ஹோப் அருகே 1939இல் வெளிப்பட்ட இப்யூட்டாக் என்ற பழங்காலக் குடியிருப்பை நீங்கள் அறிவீர்கள். தேய்த்த சிலேட் கருவி அங்கே இல்லை என்பதையே ஒரு முக்கியச் செய்தியாக அதை அகழ்ந்த லார்சனும் ரெய்னியும் பதிவு செய்தார்கள். இல்லாத கல்லுக்கு நூலில் இடம் கிடைத்தது. இருக்கிற கல்லுக்குச் சீட்டில் ஒரு வரி இல்லை. நன்கொடையாளர் சாணைக்கல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது, மன்னியுங்கள். தனி எண், கிடைத்த இடம், கழுவாத கல். அந்த 11 கற்களுக்கும் பழைய களக் குறிப்பேட்டில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். பக்கங்களைப் புரட்ட ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன்.