கம்பெனி மாறினால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெனரிக் மருந்துகள், அதாவது முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பிராண்டுக்குப் பதிலாக மற்ற கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்துகள், குறித்து நீங்கள் வெளியிட்ட கட்டுரை ஒரு முக்கியமான இடத்தைத் தொடாமல் போய்விட்டது. என் அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நோய் இருக்கிறது. துடிப்பைச் சீராக வைக்க அமியோடரோன், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என இரண்டும் சாப்பிடுகிறார். இந்த மாதிரி மருந்துகளை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் பொதுவாகப் பேச முடியாது. அளவு கொஞ்சம் குறைந்தால் பலன் இல்லை, கொஞ்சம் கூடினால் ஆபத்து.

விலை குறைந்தது என்பதாலேயே மருந்து மட்டம் என்று நான் நினைக்கவில்லை. கெசல்ஹைம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இதய நோய் மருந்துகள் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதில் வார்ஃபரினை ஒப்பிட்ட ஐந்து முறையான சோதனைகளிலும் ஜெனரிக்கும் பிராண்டும் ஒன்றுபோலவே வேலை செய்திருந்தன. அப்படியிருந்தும், அவர்கள் பார்த்த 43 தலையங்கங்களில் 23 பிராண்டுக்குப் பதில் ஜெனரிக் கொடுப்பதற்கு எதிராகவே எழுதப்பட்டிருந்தன. சரி, அது தேவையில்லாத பயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளுக்கு அந்தத் தொகுப்பில் இருந்தது ஒரே ஒரு சோதனைதான். அதை மட்டும் வைத்து முழு நிம்மதி அடைய என்னால் முடியவில்லை.

அப்புறம், நம் ஊரில் 'பிராண்டா, ஜெனரிக்கா' என்ற கேள்வியே சரியாகப் பொருந்தாது. இங்கே பெயர் போட்டு விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஜெனரிக்தான். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. எளிதில் கரையாத மருந்துகள் ரத்தத்தில் சரியான அளவு சேர்கின்றனவா என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற விதி 2017இல்தான் வந்தது. அமியோடரோன் எளிதில் கரையாத மருந்து. அந்த விதிக்கு முன்பே உரிமம் பெற்றுக் கடைக்கு வந்தவற்றில் எது இந்தச் சோதனையைத் தாண்டியது? வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் எனக்கு உண்மையான கவலை, சொல்லாமல் மாற்றிக் கொடுப்பதுதான். நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் ஒருமுறை அட்டை வேறாக இருந்தது. கேட்ட பிறகுதான், "அதே மருந்துதான்மா, கம்பெனி வேற" என்றார்கள். கேட்கத் தெரியாத முதியவர் என்ன செய்வார்? வார்ஃபரினில் வித்தியாசம் இருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையில் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அமியோடரோன் அப்படி இல்லை. உடலில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும் மருந்து அது. அளவு குறைந்தாலும் கூடினாலும் வாரக்கணக்கில் வெளியே தெரியாது. போதாக்குறைக்கு, அது வார்ஃபரினின் வீரியத்தையும் கூட்டும். ஒன்றில் கை வைத்தால் இன்னொன்றும் ஆட்டம் காணும்.

டாக்டர்கள் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிகளிலேயே, அளவு கொஞ்சம் மாறினாலே சிக்கலாகும் இப்படிப்பட்ட மருந்துகளுக்கு விலக்கு இருந்தது. அந்த விதிகளை அதே மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விலக்குக்கான காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மக்கள் மருந்தகமும் முதல்வர் மருந்தகமும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவி. மாதாமாதம் வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டிய மருந்துக்கு விலை குறைவது சின்ன விஷயமில்லை. அங்கே வாங்காதீர்கள் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம்; பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. அமியோடரோன், வார்ஃபரின், இன்னொரு இதய மருந்தான டிகாக்சின் போன்ற சிலவற்றுக்காவது, கூடியவரை ஒரே தயாரிப்பாளரின் மாத்திரை தொடர்ந்து கிடைக்கும்படி அந்தக் கடைகள் ஏற்பாடு செய்யலாம். மாற்ற வேண்டி வந்தால் வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதிக் கொடுக்கட்டும். வார்ஃபரின் கம்பெனி மாறினால் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடும்படி டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எந்தத் தயாரிப்பு ரத்த அளவுச் சோதனையில் தேறியது என்ற பட்டியலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தமிழில் வெளியிட வேண்டும். உங்கள் இதழ் அந்தத் துறையிடம் இதைக் கேட்டு, வரும் பதிலைப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை